இல்லத் தொழிலும் இளஞ்சிறாரும்

இல்லத்தில் இருந்தபடியே ஒரு சிறு தொழிலை நடத்திக் குடும்ப வருவாயைப் பெருக்குதல் நம் நாளில் புதிதாகத் தோன்றிய வழக்கம் என்று சிலர் கருதுகின்றனர். தையல் இயந்திரமும் கைபேசியும் வந்த பின்னர் எழுந்த முயற்சி இது என்பது அவர்தம் எண்ணம். வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போர்க்கு அஃது உண்மையன்று என்பது இனிது விளங்கும். தொழிற்சாலை என்பதே நேற்று வந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுக் காலம் தறியும் செக்கும் சக்கரமும் மத்தும் வீட்டிற்குள்ளேயே இயங்கின. அவை இயங்கிய கூடத்திலேதான் குழந்தைகளும் தவழ்ந்தன.

ஆதலின் ஆராயத்தக்க வினா வேறு. தாய் ஒருத்தி ஒரு கையால் தொழிலையும் மறு கையால் குழந்தையையும் பற்றி நிற்கும்போது, அவ்விரண்டில் ஒன்று மற்றொன்றை விழுங்காதிருக்க நம் முன்னோரும் பிறரும் என்ன ஏற்பாடு செய்தனர்? எங்கே வென்றனர்? எங்கே தோற்றனர்? இவற்றை இச்சிறு கட்டுரையில் நாம் அறிந்த அளவில் எடுத்துரைக்க முயல்வோம்.

ஆய்ச்சியின் இரு கணக்குகள்

நாம் வாழும் சித்தூர், திருப்பதிப் பகுதி பண்டைத் தொண்டை நாட்டின் வட எல்லை. வேங்கடமே அவ்வெல்லையின் அடையாளம். காஞ்சியிலிருந்து அந்நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் பெரும்பாணாற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அந்நூலில் ஓர் ஆயர் மகள் வருகின்றாள். அவள் இருள் புலரும் முன் எழுகின்றாள், தயிரைக் கடைகின்றாள், வெண்ணெயை எடுத்து வைத்துவிட்டு மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று விற்கின்றாள். மோரை விற்றுப் பெற்ற உணவால் சுற்றத்தார் அனைவரையும் உண்பிக்கின்றாள். நெய்யை விற்றபோதோ, அதற்கு விலையாகப் பொன்னையும் வேண்டாமல், எருமையையும் பசுவையும் கன்றையும் பெற்றுக்கொள்கின்றாள்.

இதனை இலக்கியச் சுவைக்காக மட்டும் படிப்போர் பலர். கணக்கு எழுதிப் பழகிய கண்ணோடு படித்தால் மற்றொன்று புலப்படும். மோரின் வரவு அன்றாடச் சோற்றிற்கு. நெய்யின் வரவு முதலுக்கு. அவள் இரண்டையும் கலக்கவில்லை. வீட்டுச் செலவு வேறு, தொழிலின் முதல் வேறு என்னும் நெறி ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் தொண்டை நாட்டு ஆய்ச்சிக்குத் தெரிந்திருந்தது. இவற்றை நாம் ‘மோர்க்கணக்கு’ என்றும் ‘நெய்க்கணக்கு’ என்றும் பெயரிட்டு அழைப்போம்.

மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. அவள் மத்துக் கயிற்றை இழுக்கும் வேளையில் அவளுடைய மகவு யார் மடியில் இருந்தது? புலவர் அதனைக் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அவர்க்கில்லை. சுற்றம் சூழ வாழ்ந்த இல்லம் அது. பாட்டியும் நாத்தனாரும் அத்தையும் இருந்த வீட்டில் குழந்தையை ஏந்தக் கைகளுக்குப் பஞ்சமில்லை. எனவே அக்கணக்கு எழுதப்படாமலே நடந்தது. எழுதப்படாத இந்த மூன்றாம் கணக்கைத்தான், அதாவது பிள்ளைக்கணக்கைத்தான், பின்வந்த வரலாறு முழுவதும் நாம் தேடிச் செல்ல வேண்டியிருக்கின்றது.

தறியும் தொட்டிலும்

இல்லத் தொழில் என்றால் நம் பகுதியில் முதலில் நினைவிற்கு வருவது நெசவு. நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், நாராயணவனம் ஆகிய ஊர்களில் தமிழ் பேசும் நெசவாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. முன்பு கைத்தறி ஒலித்த வீடுகள் பலவற்றில் பின்னர் விசைத்தறி ஒலிக்கலாயிற்று. மதனப்பள்ளியை அடுத்த நீருகட்டுவாரிபள்ளியில் பட்டு நெசவு நடைபெறுகின்றது.

குழித்தறியில் அமர்ந்து நெய்பவர் பெரும்பாலும் ஆண்மகன். ஆயினும் அவர் ஒருவரே துணியை நெய்துவிடுவதில்லை. நூலைப் பிரித்தல், இராட்டையில் சுற்றுதல், தார் சுற்றிக் கொடுத்தல், பாவு ஓடுதல், கஞ்சியிடுதல் என முன்வேலைகள் பல. இவற்றுள் பெரும்பகுதி மனைவியின் கையால் நடந்தது. தறிக்குழியின் அருகே விட்டத்தில் தொட்டில் தொங்கும். ஒரு கை இராட்டையைச் சுற்ற, மறு கை தொட்டிற் கயிற்றை இழுக்கும். அவள் வேலைக்குத் தனிக் கூலி இல்லை. துணிக்குக் கிடைத்த விலையே குடும்பம் முழுமைக்கும் கூலி. தொட்டிலை விட்டு இறங்கிய பிள்ளை சில ஆண்டுகளில் தானே தார் சுற்றத் தொடங்கும். அதனை அக்காலத்தில் ஒருவரும் குற்றமாகக் கருதவில்லை. குலத்தொழிற் கல்வி என்றே எண்ணினர்.

திருக்காளத்தியின் கலம்காரி ஓவியமும் இல்லத்தில் வளர்ந்த கலையே. துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். இரும்புத் துருவையும் வெல்லத்தையும் ஊறவைத்த கரிய நீரால் மூங்கிற் குச்சி கொண்டு கோடு வரைவர். படிகாரம் இட்டுச் சாயம் ஏற்றி, ஓடும் நீரில் அலசுவர். நலிந்து போயிருந்த இக்கலைக்கு 1950-களின் பிற்பகுதியில், கமலாதேவி சட்டோபாத்தியாயர் முதலியோரின் முயற்சியால், அவ்வூரிலேயே அரசுப் பயிற்சி நிலையம் ஒன்று அமைந்தது. முன்பு ஆண்கள் கையில் பெரிதும் இருந்த அவ்வெழுதுகோலை இன்று பெண்கள் பலர் தம் வீட்டில் இருந்தபடியே ஏந்துகின்றனர். ஒரு நிறத்திற்கும் அடுத்த நிறத்திற்கும் இடையே துணி உலர வேண்டும். அவ்விடைவேளையில் தாய் பிள்ளையைக் கவனிக்கலாம். விட்டு விட்டுச் செய்வதற்கு இடங்கொடுக்கும் தொழிலே சிறு பிள்ளைகளையுடைய தாய்க்கு ஏற்றது என்பதற்கு இஃது ஒரு சான்று.

எண்பது ரூபாயில் எழுந்த நிறுவனம்

இனி, மூன்று கணக்குகளையும் முறையாக நடத்திய ஒரு முயற்சியைக் காண்போம். அது நம் பகுதியினின்றும் தொலைவில், பம்பாயில் நிகழ்ந்தது. எனினும் அப்பளம் இடும் நம் பெண்மணிகளுக்கு மிக அண்மையானது.

1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், பம்பாய் கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குசராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டனர். அவர்களுள் ஒருவர் ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட். சகன்லால் கரம்சி பாரேக் என்னும் சமூகத் தொண்டரிடம் பெற்ற எண்பது ரூபாய்க் கடனே முதல். அன்று உருவானவை நான்கு பொட்டலங்கள். முதல் ஆண்டு விற்பனை ரூ. 6,196. மூன்றே திங்களில் ஏழு பேர் இருபத்தைவர் ஆயினர்; இரண்டாம் ஆண்டில் நூற்றைம்பதின்மர்; மூன்றாம் ஆண்டில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர். 1962-இல் ‘லிஜ்ஜத்’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. குசராத்தியில் அதன் பொருள் சுவை. 1966-இல் சங்கமாகப் பதிவாயிற்று; அவ்வாண்டே கதர் கிராமத் தொழில் ஆணையம் அதனை ஏற்றது. இன்று நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்கள் அதில் உறுப்பினர். போபட் அம்மையாருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

எண்ணிக்கையைக் கண்டு வியப்பதை விட, அது நடந்த முறையை அறிதலே நமக்குப் பயன் தரும். மாவு பிசைதல் என்னும் கடும் பணி பொதுவிடத்தில் நடைபெறும். உறுப்பினர் காலையில் சென்று தமக்குரிய மாவைப் பெற்று வருவர். அப்பளம் இடுவதும் உலர்த்துவதும் தத்தம் இல்லத்தில். மறுநாள் காலை உலர்ந்த அப்பளத்தை ஒப்படைத்துக் கூலி பெற்று, புதிய மாவோடு திரும்புவர். அப்பளம் பொதுவிடத்தில் சோதிக்கப்படும். இதனால் விளைந்த நன்மை யாது? தாய் வெளியே இருக்கும் நேரம் காலையில் ஒரு சிறு பொழுது மட்டும். எஞ்சிய வேலையைக் குழந்தை உறங்கும்போதும், மூத்தது பள்ளி சென்றிருக்கும்போதும் செய்துகொள்ளலாம். எவ்வளவு மாவு வேண்டும் என்பதையும் அவளே முடிவு செய்கின்றாள். கைக்குழந்தைக்காரி குறைவாகவும் மற்றவள் கூடுதலாகவும் எடுத்துச் செல்லலாம்.

முதல் ஆண்டில் மழை வந்து நான்கு திங்கள் தொழில் நின்றது, அப்பளம் உலரவில்லை. மறு ஆண்டு அவர்கள் ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினர். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பை வைத்து உலர்த்தினர். நன்கொடை வேண்டாம் என்று தொடக்கத்திலேயே உறுதி கொண்டனர். கணக்கைத் துப்புரவாக எழுத வேண்டும் என்று பாரேக் வற்புறுத்தினார்.

எல்லாவற்றிலும் நாம் ஊன்றி நோக்கத்தக்க செய்தி மற்றொன்று. தொடக்கத்தில் சிறுமியரும் உறுப்பினராகச் சேர்ந்தனர். பின்னர்ப் பதினெட்டு வயது நிரம்பியவரே சேரலாம் என்று விதி செய்யப்பட்டது. உறுப்பினரின் பெண் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் ஏற்பட்டது. தாயின் தொழில் மகளின் பள்ளிக்கு வழியாக வேண்டுமேயன்றி மகளின் கையைப் பிடித்து இழுத்துவிடக் கூடாது என்னும் அறிவு அந்த விதியில் இருக்கின்றது. இதுவே பிள்ளைக்கணக்கு.

தமிழகத்தில் இதற்கு ஒப்பானவை இல்லாமல் இல்லை. தாமிரவருணிக் கரையில் கல்லிடைக்குறிச்சி அப்பளம் வீடுகளிலேயே இடப்பட்டு ஊர்ப்பெயரால் புகழ் பெற்றது. மணப்பாறை முறுக்கோ நம் இருப்புப்பாதையால் வளர்ந்தது. வண்டி நிற்கும் சில நிமிடங்களில் பயணிகள் வாங்கிச் சென்று அதன் பெயரைத் திசையெங்கும் பரப்பினர். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

‘ஓய்வு நேரம்’ என்னும் பொய்ப்பெயர்

வென்ற கதையைக் கூறிய நாம் தோற்ற கதையையும் கூறுதல் கடன். ஆந்திரக் கடற்கரையில், கோதாவரி நாட்டில், நரசாபுரம் என்றோர் ஊர் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவப் பாதிரிமார் அங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தனர். நாளடைவில் அது கடல் கடந்து விற்பனையாகும் பண்டமாயிற்று. ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பின்னினர். செருமானிய அறிஞர் மரியா மீஸ் அவ்வூர்களில் தங்கி ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது இதுவே: வீட்டுவேலைகளுக்கு மேல் நாள்தோறும் பல மணி நேரம் பின்னியும், அப்பெண்கள் தொழிலாளர் என எண்ணப்படவில்லை. இல்லத்தரசியர் ஓய்வு நேரத்தில் செய்யும் பொழுதுபோக்கு என்றே அவ்வுழைப்புப் பெயர் பெற்றது. பொழுதுபோக்கிற்கு யார் முறையான கூலி தருவார்? ஊதியம் சிறுத்தது, வணிகரின் செல்வம் பெருத்தது.

ஆய்ச்சியின் மொழியிற் கூறினால், நெய்க்கணக்கு முழுவதும் பிறர் வீட்டிற்குப் போயிற்று, மோர்க்கணக்கும் அரைகுறையாயிற்று. கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவளுக்கு வேறு வழியில்லை என்பதை வணிகர் அறிந்திருந்தனர். பிள்ளை வளர்ப்பே அவளைக் குறைந்த கூலிக்குக் கட்டிப்போட்ட கயிறாயிற்று.

அக்கயிற்றை அவிழ்க்க உதவிய கை ஒன்று சென்னையிலிருந்து நீண்டது. ஜெயா அருணாசலம் அம்மையார் 1978-இல் சென்னையில் உழைக்கும் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். தெருவில் காய்கறியும் பூவும் விற்ற பெண்களுக்குச் சிறு கடன் பெற்றுத் தருவது அதன் முதற்பணி. அடுத்த சில ஆண்டுகளில் அச்சங்கம் நரசாபுரத்து லேஸ் பெண்களையும் ஒன்று திரட்டியது. தமிழகத்துச் சங்கம் ஒன்று தெலுங்குச் சகோதரியர்க்குத் துணை நின்ற இச்செய்தி, ஆந்திர மண்ணில் வாழும் நமக்குப் பெருமிதம் தருவதன்றோ? அதற்கும் முன்னரே, 1972-இல், அகமதாபாதில் எலா பட் அம்மையார் ‘சேவா’ சங்கத்தை நிறுவினார். 1974-இல் அச்சங்கத்துப் பெண்கள் தமக்கென ஒரு வங்கியையே அமைத்துக்கொண்டனர். கடன் கொடுத்தால் மட்டும் போதாது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடமும் வேண்டும் என்று கண்டு, அச்சங்கம் குழந்தைக் காப்பகங்களையும் நடத்தலாயிற்று.

சட்டம் திறந்து விட்ட வாயில்

அரசு யாதும் செய்யவில்லையா எனின், செய்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலையில் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று விதித்தது. 1976-இல் அவ்வெண் முப்பதாகக் குறைக்கப்பட்டது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேற்று நலச் சட்டம் இருபத்தாறு வார விடுப்பும், ஐம்பது பேர் பணிபுரியும் இடத்தில் காப்பகமும் வேண்டும் என்றது. யாவும் நன்றே. ஆனால் தன் வீட்டு அடுக்களையில் தனியே முறுக்குப் பிழியும் தாய் எந்த ஆலையைச் சேர்ந்தவள்? அவளுக்கு முதலாளியும் அவளே, தொழிலாளியும் அவளே. முப்பதும் ஐம்பதும் அவளைத் தீண்டவில்லை.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதிற்குட்பட்டோர் செய்யக்கூடாத தொழில்களைப் பட்டியலிட்டது. பீடி சுற்றுதலும் அப்பட்டியலில் இருந்தது. ஆனால் ஒருவர் தம் குடும்பத்தாரின் உதவியோடு நடத்தும் தொழிலுக்கு அத்தடை பொருந்தாது என்று ஒரு விலக்கும் அதிலேயே அமைந்தது. சித்தூரின் எல்லையை அடுத்த குடியாத்தத்திலும், தெற்கே அம்பாசமுத்திரம் பகுதியிலும் பீடி வீடுகளிலேயே சுற்றப்படும் தொழில். தாய் இலையை வெட்டித் தூளை வைத்துச் சுற்றுவாள். முனையை மடித்துக் கொடுப்பதற்குச் சிறு விரல்களே ஏற்றவை என்று பிள்ளைகளை அமர்த்துவர். சிவகாசிப் பக்கத்தில் தீப்பெட்டி ஒட்டும் வேலையும் அவ்வாறே வீட்டிற்குள் புகுந்தது. தடை ஆலையின் வாயிலில் நின்றது. தொழிலோ வீட்டு வாயிலில் நுழைந்தது. கூலி எண்ணிக்கைக்கு ஏற்ப வருவதால், கை ஒன்று கூடினால் காசு கூடும். கூடிய அந்தக் கை பள்ளியில் எழுதுகோலைப் பிடித்திருக்க வேண்டிய கை.

ஐதராபாதைச் சேர்ந்த எம்.வி. அறக்கட்டளையும் அதன் வழிகாட்டியாகிய சாந்தா சின்கா அம்மையாரும் இந்நிலையை எதிர்த்து, பள்ளிக்குச் செல்லாத பிள்ளை ஒவ்வொன்றும் தொழிலாளியே எனக் கொண்டு ஆந்திரச் சிற்றூர்களில் பணியாற்றினர். அம்மையாருக்கு 2003-இல் மகசேசே விருது கிடைத்தது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 2016-இல் பழைய சட்டம் திருத்தப்பட்டு, பதினான்கு வயதிற்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றாயிற்று. குடும்பத் தொழிலில் உதவுவதற்கு இடமுண்டு. அதுவும் தீங்கற்ற தொழிலாகவும், பள்ளி நேரத்திற்குப் பின்னரோ விடுமுறையிலோ செய்வதாகவும் இருத்தல் வேண்டும். ஆகவே இல்லத் தொழில் நடத்தும் பெற்றோரின் மனச்சான்றே இன்றும் பெருங்காவல்.

ஆந்திரத்தின் சேமிப்புக் குழுக்கள்

நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அறிந்த சொல் ‘ட்வாக்ரா’. சிற்றூர்ப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டிற்காக 1982-83-இல் நடுவண் அரசு முதலில் ஐம்பது மாவட்டங்களில் தொடங்கிய திட்டத்தின் சுருக்கப்பெயர் அது. குழந்தைகள் என்னும் சொல் அத்திட்டத்தின் பெயரிலேயே இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. குழு ஒன்றுக்குப் பதினையாயிரம் ரூபாய் சுழல்நிதி கிடைத்தது. மூலப்பொருள் வாங்குவதற்கே அன்றி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டிற்கும் அந்நிதி பயன்படலாம் என்பது திட்டத்தின் கருத்து.

1992-இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடையை எதிர்த்து எழுந்தனர். அவ்வெழுச்சியிலிருந்து சேமிப்புக் குழுக்கள் ஆந்திரமெங்கும் பெருகின. குடித்து அழிந்த காசு குழுவின் பெட்டிக்கு வந்தது. ஆனால் பின்னாளில் வட்டிக்கு விடும் நிறுவனங்கள் வார தவணைக் கடனை வீடு வீடாகக் கொண்டு வந்தபோது, பலர் ஒரு கடனை அடைக்க மற்றொரு கடனைப் பெற்றுத் துன்புற்றனர். 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் இயற்றி அதனைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. கடன் என்னும் நெய்யை மோர்க்கணக்கில் ஊற்றினால் என்ன விளையும் என்பதற்கு அஃது ஒரு பாடம்.

பிள்ளைக்கணக்கிற்கு அரசு அளித்த பெருந்துணை அங்கன்வாடி. 1975-ஆம் ஆண்டு காந்தியடிகள் பிறந்த நாளில் முப்பத்து மூன்று வட்டாரங்களில் தொடங்கிய அத்திட்டம் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. மேனாட்டில் இராபர்ட் ஓவன் என்பார் 1816-இல் நியூ லனார்க்கில் ஆலைத் தொழிலாளர் குழந்தைகளுக்குச் சிறார் பள்ளி திறந்தார். தில்லியில் மீரா மகாதேவன் அம்மையார் 1969-இல் கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு நடமாடும் காப்பகங்களைத் தோற்றுவித்தார். நாடும் காலமும் வேறாயினும் உண்மை ஒன்றே. பிள்ளை காத்தல் பொதுப்பணியாகும் இடத்தில் தாயின் தொழில் தழைக்கின்றது.

நம் குடியிருப்பின் நிலை

1911-இல் வட ஆர்க்காட்டினின்றும் கடப்பையினின்றும் பகுதிகள் பிரிந்து சித்தூர் மாவட்டம் உருவானது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனோடு சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்குச் சென்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறின, இம்மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர் சுற்றம் சூழ இருந்தனர். நம்மைப் போல் பணியின் பொருட்டு வந்தோர் நிலை வேறு. குண்டக்கல் கோட்டம் 1977-இல் தென் மத்திய ரயில்வேயோடு இணைந்தது. மாற்றல் உத்தரவு வந்த இடமே நமக்கு ஊர். பாட்டி தஞ்சையில், அத்தை மதுரையில், குழந்தை திருப்பதியில்! ஆய்ச்சியைச் சூழ்ந்திருந்த கிளை நமக்கு இல்லை.

எனினும் நம் பெண்மணிகள் சோம்பியிருக்கவில்லை. ஒரு வீட்டில் இரவிக்கைத் தையல், ஒரு வீட்டில் முறுக்கும் அதிரசமும், ஒரு வீட்டில் இட்லி மாவு, மாடியில் வடகம். கைபேசியில் கேட்போர்க்கு மாலையில் கொடுத்தனுப்புகின்றனர். இவ்வருவாயால் பள்ளிக் கட்டணம் கட்டியோர் உளர். கடன் தீர்த்தோர் உளர். ஆனால் தையற்காரத் தாய் ஒருவர் நம்மிடம் கூறியது நெஞ்சை உறுத்துகின்றது. பகலில் குழந்தை விடுவதில்லை என்று இரவு பதினொன்றுக்கு மேல் தைத்து, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுகின்றாராம். மற்றொரு வீட்டில், அடுப்பில் எண்ணெய் காயும் வேளையில் இரண்டு வயதுக் குழந்தை வாணலியின் பிடியை எட்டிப் பற்றிவிட்டது. பக்கத்து வீட்டார் ஓடி வந்து இழுத்ததால் கையில் ஒரு தழும்போடு தப்பியது. இவை விதியால் நேர்ந்தவை அல்ல. எழுதப்படாத மூன்றாம் கணக்கில் விழுந்த பற்றுகள்.

செய்யத்தக்கன

வரலாறு கற்பித்த பாடத்தை நம் குடியிருப்பிற்கு ஏற்பச் சுருக்கிக் கூறுவோம்.

முதலாவது, சங்கத்தின் கூடம் ஆண்டு விழாவிற்கும் பண்டிகைகளுக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றது. வார நாட்களில் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை அது பூட்டியே கிடக்கின்றது. அந்த மூன்று மணி நேரம் அதனைச் சிறார் கூடமாக்கலாம். தொழில் நடத்தும் தாய்மார் பன்னிருவர் சேர்ந்தால், நாளுக்கு இருவராக முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். திங்கள் முதல் சனி வரை ஆறு நாட்களில், ஒருவர் ஒரு நாள் கொடுத்து ஐந்து நாள் பெறுவார். வாரத்திற்குப் பதினைந்து மணி நேரம்! அதில் எத்தனை இரவிக்கை தைக்கலாம் என்பதைத் தையற்காரரே கணக்கிடட்டும். குழந்தைகள் தமிழ்ப் பாட்டும் கதையும் கேட்டு வளர்வது நமக்கு மேல்வரவு.

இரண்டாவது, தொழில் நடத்தும் ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு குறிப்பேடு வேண்டும். வீட்டுச் செலவிற்குச் சென்றது ஒரு பக்கம். முதலுக்குத் திரும்பியது மறு பக்கம். உழைத்த மணி நேரம் மூன்றாம் பக்கம். நேரத்தை எழுதினால்தான் அதற்கு விலை கேட்கத் தோன்றும். எழுதாவிடில் அது ‘ஓய்வு நேரம்’ என்றே பெயர் பெறும். நரசாபுரம் அதற்குச் சான்று.

மூன்றாவது, அடுப்பு, எண்ணெய், ஊசி, கத்தரி இருக்கும் இடத்தில் தொழில் நடக்கும் வேளையில் பிள்ளைக்கு இடமில்லை என்பது வீட்டுச் சட்டமாதல் வேண்டும். வளர்ந்த பிள்ளை விடுமுறையில் பொட்டலம் மடிக்கலாம். கணக்கு எழுதிப் பழகலாம். பாடமும் விளையாட்டும் உறக்கமும் போக எஞ்சிய நேரத்தில் மட்டுமே அது நடக்கட்டும்.

நான்காவது ஆடவர்க்கு. இரவுப் பணி முடிந்து பகலில் இல்லத்தில் இருப்போர் நம்முள் பலர். உறங்கி எழுந்தபின் இரண்டு மணி நேரம் குழந்தையை ஏந்தினால் நம் தோள் தேய்ந்துவிடாது. மனைவியின் தொழிலில் வரும் பணத்தை ஏற்கும் கை, அத்தொழிலுக்கு வேண்டிய நேரத்தையும் கொடுக்க வேண்டுமன்றோ?

தொண்டை நாட்டு ஆய்ச்சி பொன்னை வேண்டாமல் கன்றைப் பெற்றாள். வளரும் உயிரே மேலான முதல் என்று அவள் அறிந்திருந்தாள். நம் இல்லங்களில் வளரும் உயிர்கள் நம் பிள்ளைகள். அடுத்த ஆண்டு விழா வருவதற்குள் சங்கக் கூடத்தின் கதவு வார நாட்களிலும் திறந்திருக்குமாயின், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் நிறைவேறியதாகும். விருப்பமுடைய தாய்மார் சங்கச் செயலாளரிடம் இன்றே பெயர் தருக.

வாழ்க இல்லறம்! வளர்க இளஞ்சிறார்!